கேட்டுவிட்டுப் பேசு

மணமேல்குடிக் கடற்கரையில் நின்று கிழக்கே பார்த்தால் சொகுசுக் கப்பல் எதுவும் கண்ணில் படாது. பாக் விரிகுடா ஆழமில்லாத கடல். பல இடங்களில் பத்து மீட்டர்கூடத் தேறாது. பெரிய கப்பல்கள் இலங்கையைச் சுற்றிக்கொண்டுதான் போகும். அந்தச் சுற்றை மிச்சப்படுத்தத்தான் 2005 ஜூலையில் சேதுசமுத்திரத் திட்டத்தைத் தொடங்கினார்கள். அது பாதியில் நின்றுபோனது. ஆகவே குலச்சிறை நாயனாரின் ஊரான மணமேல்குடிக்கு எதிரே தெரிவதெல்லாம் நாட்டுப்படகும் ஃபைபர் படகும், தெற்கே கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினத்திலிருந்து கிளம்பும் விசைப்படகும்தான்.

ஆனால் சொகுசுக் கப்பல் இப்போது நமக்குத் தூரத்துச் சங்கதி இல்லை. 2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்தில் கார்டீலியா கப்பலை முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கொடியசைத்து அனுப்பிவைத்தார். அடுத்த ஆண்டு ஜூனில் அதே கப்பல் சென்னையிலிருந்து இலங்கைக்குப் போய், காங்கேசன்துறைக்கும் வந்து சேர்ந்தது. மணமேல்குடியிலிருந்து நேர்கோடு போட்டால் பாக் கடலின் மறுபக்கம்தான் காங்கேசன்துறை.

கப்பலில் விடுமுறைக்குப் போகிற குடும்பங்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. பத்துப் பன்னிரண்டு தளம் உள்ள மிதக்கும் ஊர் அது. அப்பா ஒரு தளம், பிள்ளைகள் நீச்சல்குளத்தில், பாட்டி சாப்பாட்டுக் கூடத்தில். கரை விலகியதும் செல்போன் டவரும் போய்விடும். கப்பலின் இணையத்துக்குக் கட்டணம் தனி. அதனால் மேலைநாட்டுக் குடும்பங்கள் பல ஆண்டுகளாக ஒரு ஜோடி வாக்கி-டாக்கியைப் பெட்டியில் போட்டுக்கொண்டு போகிற வழக்கம் உண்டு. எங்கே, எப்படி, எவ்வளவு பேசலாம் என்பதைப் பற்றி அவர்களுக்குள் ஓயாத சண்டையும் உண்டு. லிஃப்டில் அலறவிடாதே, சாப்பாட்டு மேசையில் வைக்காதே, பிள்ளை கையில் கொடுத்துவிட்டு மறந்துவிடாதே என்று பட்டியல் நீளும்.

கேட்க அற்பமாகத்தான் இருக்கிறது. ஆனால் கடலில் ரேடியோவைப் பிடித்துப் பேசும் மரியாதைக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அந்த வரலாற்றில் சாவுகள் இருக்கின்றன. விடுமுறைக்குப் போனவர்களின் நலம்விசாரிப்பும் அதில் ஒரு காரணமாக இருக்கிறது.

முதலில் கருவியைப் பார்ப்போம். தொலைபேசியில் இருவரும் ஒரே நேரத்தில் பேசலாம், கேட்கலாம். வாக்கி-டாக்கியில் அது நடக்காது. பொத்தானை அழுத்தினால் பேசலாம்; விட்டால்தான் கேட்கலாம். அழுத்திக்கொண்டே இருப்பவனுக்கு உலகமே செவிடு. அது மட்டுமில்லை, அந்தச் சேனலில் உள்ள மற்றவர்களையும் அவன் ஊமையாக்கிவிடுகிறான். இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால், வலுவான அலை மெலிந்ததை மூடிவிடும். பக்கத்தில் நின்று வெட்டிப்பேச்சு பேசுகிறவன் ஜெயிப்பான். தூரத்தில் முழுகிக்கொண்டிருக்கிறவன் தோற்பான். காற்று பொதுச்சொத்துதான், ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் அதில் புழங்க முடியும்.

கடலில் வயர்லெஸ் வந்த புதிதில் இது யாருக்கும் புரியவில்லை. மார்க்கோனியின் நிறுவனம் கருவியை விற்கவில்லை. கருவியையும் அதை இயக்கும் ஆளையும் சேர்த்து வாடகைக்கு விட்டது. போட்டி நிறுவனத்தின் கருவி வைத்திருக்கும் கப்பலோடு பேசக்கூடாது என்று தன் ஆட்களுக்கு உத்தரவும் போட்டிருந்தது. 1902-இல் அமெரிக்கா போய்விட்டு ‘டாய்ச்லாந்து’ கப்பலில் திரும்பிக்கொண்டிருந்த ஜெர்மன் இளவரசர் ஹைன்ரிஹ், ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டுக்கு நன்றி சொல்லிச் செய்தி அனுப்ப முயன்றார். கப்பலில் இருந்தது ஜெர்மன் கருவி. மார்க்கோனி நிலையம் வாங்க மறுத்துவிட்டது. கோபமடைந்த ஜெர்மனி 1903-இல் பெர்லினில் நாடுகளைக் கூட்டியது. 1906-இல் அதே நகரில் ஒப்பந்தம் ஆனது: யாருடைய கருவியாக இருந்தாலும் கரை நிலையமும் கப்பலும் ஒன்றுக்கொன்று பதில் சொல்ல வேண்டும், ஆபத்து அழைப்புக்கு எல்லாவற்றுக்கும் முன்னுரிமை. எஸ்ஓஎஸ் என்ற குறி உலகத்துக்குப் பொதுவானது அந்த ஒப்பந்தத்தில்தான். கூப்பிட்டால் பதில் சொல் என்பதே கடல் ரேடியோவின் முதல் மரியாதை. அதை ஒப்பந்தம் போட்டுத்தான் கற்றுக்கொடுக்க வேண்டியிருந்தது.

பேசாமல் இருப்பதன் வலிமையைத் தமிழர்களுக்குக் காட்டியது ஒரு ஜெர்மன் கப்பல். 1914 செப்டம்பர் 22 இரவில் சென்னையைக் குண்டுவீசிக் கலக்கிய எம்டன். ‘அவன் பெரிய எம்டன்’ என்று இன்றும் சொல்கிறோமே, அதே எம்டன். அதன் தலைவர் கார்ல் ஃபொன் முல்லர் தன் வயர்லெஸ்ஸை முடிந்தவரை ஊமையாக வைத்திருந்தார். எதிரிக் கப்பல்கள் பேசுவதைக் கேட்டே அவை எங்கே இருக்கின்றன என்று கணித்தார். அது பிடிபட்டதும் வயர்லெஸ்ஸால்தான். நவம்பர் 9 அன்று கொக்கோஸ் தீவின் தந்தி நிலையத்தை அழிக்கப் போனபோது, அங்கிருந்தவர்கள் அந்நியக் கப்பல் வந்திருக்கிறது என்று சுருக்கமாக ஒரு செய்தியைத் தட்டிவிட்டார்கள். எம்டன் குறுக்கே அலை பாய்ச்சித் தடுத்துப் பார்த்தது. முடியவில்லை. அந்த வழியே போன ‘சிட்னி’ என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பலுக்கு அது எட்டியது. அன்றோடு எம்டன் கதை முடிந்தது. நிறையப் பேசத் தேவையில்லை. யார், எங்கே, என்ன என்று மூன்றும் இருந்தால் போதும்.

அதற்கு இரண்டு ஆண்டு முன்னால் நடந்ததுதான் நம் விஷயத்துக்கு நேரடியாக வருவது. டைட்டானிக்கை எல்லோருக்கும் தெரியும். அதன் வயர்லெஸ் அறையைப் பற்றி அவ்வளவாகப் பேசுவதில்லை. அந்த அறை முதன்மையாகக் கப்பல் பாதுகாப்புக்கு வைத்ததில்லை. பணக்காரப் பயணிகளின் சௌகரியத்துக்கு வைத்தது. முதல் பத்துச் சொல்லுக்குப் பன்னிரண்டரை ஷில்லிங். நலமாக இருக்கிறோம், நாளை மறுநாள் சந்திப்போம் என்கிற ரகச் செய்திகள்தான் பெரும்பாலும். ஜாக் ஃபிலிப்ஸ், ஹரால்ட் பிரைட் என்ற இரண்டு இளைஞர்கள் மாறிமாறி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். இடையில் கருவி பழுதாகி, இரவெல்லாம் உட்கார்ந்து சரிசெய்தார்கள். அதனால் 1912 ஏப்ரல் 14 அன்று செய்திகள் மலையாகக் குவிந்திருந்தன.

அன்றிரவு அருகில் ‘கலிஃபோர்னியன்’ என்ற கப்பல் பனிக்கட்டிக்கு நடுவே நின்றுவிட்டது. அதன் ஒரே வயர்லெஸ்காரர் சிரில் எவன்ஸ். நாங்கள் பனியில் சிக்கி நிற்கிறோம் என்று டைட்டானிக்குச் சொல்லப் போனார். பக்கத்துக் கப்பல் என்பதால் அவருடைய அலை ஃபிலிப்ஸின் காதைப் பிளந்தது. ஃபிலிப்ஸ் அப்போது கேப் ரேஸ் கரை நிலையத்துக்குப் பயணிகள் செய்தியைத் தள்ளிக்கொண்டிருந்தார். வாயை மூடு, வேலையாக இருக்கிறேன் என்ற பொருளில் பதில் அனுப்பினார். எவன்ஸ் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். காலையிலிருந்து ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்தவர். பதினொன்றரை வாக்கில் கருவியை அணைத்துவிட்டுப் படுத்தார். 11.40-க்கு டைட்டானிக் மோதியது.

ஃபிலிப்ஸைக் கெட்டவர் என்று சொல்ல முடியாது. கடைசிவரை உதவி கேட்டுத் தட்டிக்கொண்டே இருந்து கடலோடு போனவர் அவர். எவன்ஸும் முறைப்படிக் கேப்டன் பெயரால் தொடங்காமல், சும்மா பேசுவதுபோல் ஆரம்பித்தார் என்று விசாரணைகளில் தெரியவந்தது. இருவருமே பொதுக்காற்றை வீட்டுத் திண்ணையாக எடுத்துக்கொண்டார்கள். மேலே ஆயிரம் நலம்விசாரிப்பு, அடியில் ஒரே ஓர் எச்சரிக்கை. எது முக்கியம் என்று பிரித்துக் காட்டும் வழக்கம் அப்போது உருவாகவில்லை. 1,500 பேர் இறந்தார்கள். தூங்கப் போவதற்கு முன் இன்னொரு தடவை காதில் மாட்டிக் கேட்ட ‘கார்பேத்தியா’ கப்பலின் ஹரால்ட் காட்டம் என்ற இளைஞரால் 700-க்கும் மேற்பட்டவர்கள் பிழைத்தார்கள்.

அதன்பிறகு வந்த சட்டங்கள் எல்லாமே ஒரு வகையில் மரியாதைப் பாடங்கள்தான். 1914-இல் கடல் பாதுகாப்பு ஒப்பந்தம் வந்தது. பயணிகள் கப்பலில் இரவும் பகலும் யாராவது கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்றது. அப்புறம் மௌன நிமிடங்கள் வந்தன. பழைய கப்பல்களின் ரேடியோ அறைக் கடிகாரங்களில் சிவப்பும் பச்சையுமாகச் சில துண்டுகள் வரைந்திருக்கும். ஒவ்வொரு அரைமணிக்கும் மூன்று நிமிடம் உலகத்தில் எந்தக் கப்பலும் அந்த அலைவரிசையில் பேசக்கூடாது, கேட்க மட்டும் வேண்டும். பலவீனமான குரல் ஏதாவது இருந்தால் அந்த இடைவெளியில் கேட்டுவிடும். மனிதர்கள் சேர்ந்து கடைப்பிடித்த விரதங்களில் இதைவிட அழகானது எனக்குத் தெரிந்து இல்லை. செயற்கைக்கோள் சார்ந்த புது ஏற்பாடு 1999-இல் முழுமையாக அமலானபோது அந்த விரதம் முடிந்தது.

குரலில் பேசத் தொடங்கியபோது ‘மேடே’ வந்தது. எனக்கு உதவுங்கள் என்ற பிரெஞ்சுச் சொல்லின் உச்சரிப்பு. மூன்று முறை சொல்ல வேண்டும், இரைச்சலில் வேறெதுவோ என்று யாரும் நினைத்துவிடாமல் இருக்க. ‘ஓவர்’ என்றால் நான் முடித்தேன், நீ பேசு. ‘அவுட்’ என்றால் பேச்சே முடிந்தது. சினிமாவில் ‘ஓவர் அண்ட் அவுட்’ என்று சேர்த்துச் சொல்வது, ‘வாங்க உட்காருங்க, போயிட்டு வாங்க’ என்று ஒரே மூச்சில் சொல்கிற மாதிரி.

கையில் எடுத்துச் செல்லும் கருவி இரண்டாம் உலகப் போரில் படையினருக்காக வந்தது. அதன் பேரப்பிள்ளைதான் கடையில் ஜோடியாகக் கிடைக்கும் குடும்ப வாக்கி-டாக்கி. அமெரிக்கா 1996-இல் அதற்கென்று சில அலைவரிசைகளை உரிமம் இல்லாமல் திறந்துவிட்டது. சிக்கல் இங்கேதான். கப்பல் ஊழியர்கள் தங்களுக்குள் பேசப் பயன்படுத்தும் அலைவரிசைகளில் சில 467.550, 467.575 மெகாஹெர்ட்ஸ். குடும்பக் கருவியின் ஒரு சேனல் 467.5625. இரண்டுக்கும் நடுவில் நூலிழைதான். பல கப்பல் நிறுவனங்களில் ‘பிராவோ’ என்றால் தீ, ‘ஆஸ்கர்’ என்றால் ஆள் கடலில் விழுந்துவிட்டார். விளையாட்டுக்குப் பிள்ளைகள் கூவும் ஒரு சொல் எங்கே போய் விழும் என்று சொல்ல முடியாது.

சரி, இதுக்கும் மணமேல்குடிக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது. இந்தக் கரையில் வாக்கி-டாக்கி விளையாட்டுப் பொருளாக இருந்ததே இல்லை. இந்தியாவில் 1933-ஆம் ஆண்டின் வயர்லெஸ் சட்டப்படி உரிமம் இல்லாமல் கருவி வைத்திருப்பதே குற்றம். ஈழப்போர்க் காலத்தில் சட்டத்தோடு சந்தேகமும் சேர்ந்துகொண்டது. 1986 நவம்பரில் தமிழகப் போலீஸ் விடுதலைப் புலிகளின் தொலைத்தொடர்புக் கருவிகளைக் கைப்பற்ற, பிரபாகரன் உண்ணாவிரதம் இருக்க, எம்.ஜி.ஆர். ஆட்சி கருவிகளைத் திருப்பிக் கொடுத்தது. துப்பாக்கியைவிட ரேடியோவுக்காகப் பட்டினி கிடக்கும் அளவுக்கு அதன் மதிப்பு இருந்தது. அப்படிப்பட்ட காலத்தில் பாக் கடலோரத்தில் ஒரு மீனவர் கையில் ‘செட்’ இருந்தால் அவர் மீனவராக மட்டும் பார்க்கப்பட மாட்டார்.

2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கடலோரக் காவல் இறுகியது. அதே சமயம், கடலுக்குப் போகிறவனோடு கரை பேச முடிய வேண்டும் என்ற எண்ணமும் வலுத்தது. விஎச்எஃப் கருவிகள் படகுகளுக்கு வந்தன. ஆனால் அந்த அலை நேர்கோட்டில் போவது. பூமியின் வளைவு அதை மறைத்துவிடும். இரண்டு படகில் இரண்டு பேர் கையில் பிடித்துப் பேசினால், கடல்மட்டத்திலிருந்து இரண்டு மீட்டர் உயரம் என்று வைத்தால், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான் கணக்கு. கரையில் முப்பது மீட்டர்க் கோபுரம் இருந்தால் இருபத்தெட்டு கிலோமீட்டர் வரலாம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வந்தபோது தூத்தூர், வள்ளவிளை போன்ற ஊர்களின் ஆழ்கடல் மீனவர்கள் இந்த எல்லைக்கெல்லாம் வெகுதொலைவில் இருந்தார்கள். எச்சரிக்கை அவர்களை எட்டவில்லை. தமிழகத்திலும் கேரளத்திலுமாக நூற்றுக்கணக்கானோர் திரும்பவில்லை. அடுத்த ஆண்டு நவம்பர் 16 அன்று கஜா புயல் புதுக்கோட்டை மாவட்டத்தையும் புரட்டிப்போட்டபோது மின்சாரம் போனது, செல்போனும் ஊமையானது. டவர் வேண்டாத கருவியின் அருமை அப்போது புரிந்திருக்கும்.

எட்டாத தூரத்துக்கு ஒரே வழி, கேட்டவர் கேட்காதவருக்குக் கடத்துவது. ஒரு மேடே அழைப்பு காதில் விழுந்து, கரையிலிருந்து பதில் வராவிட்டால், கேட்ட படகு அதைத் தன் குரலில் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது சர்வதேச விதி. படகுக்குப் படகு தாவி அந்தக் குரல் கரை சேரும். இதற்கு எல்லோரும் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். சேனல் காலியாக இருக்க வேண்டும். சேனல் 16, 156.8 மெகாஹெர்ட்ஸ், கூப்பிடவும் ஆபத்துக்கும் உரியது. கூப்பிட்டு, ஆள் கிடைத்ததும் 72, 77 போன்ற வேறு சேனலுக்கு மாறிவிட வேண்டும். மீன் விலையும் சினிமாவும் அங்கே பேசிக்கொள்ளலாம்.

ஆக, கடலில் ரேடியோ மரியாதை என்பது நாலே விஷயம். பேசுமுன் கேள். யாரைக் கூப்பிடுகிறாய், நீ யார் என்று சொல். சுருக்கமாக முடி. பொத்தானிலிருந்து விரலை எடு. இதில் எதுவும் நாகரிகம் காட்டுவதற்கானதில்லை. ஒவ்வொன்றும் யாரோ ஒருவர் கேட்கப்படாமல் போனபிறகு எழுதப்பட்டது.

சொகுசுக் கப்பலில் போகிறவர்களுக்கும் இதுவே பொருந்தும். இந்தியக் கரையிலிருந்து கிளம்பினால் வெளிநாட்டுக் கடையில் வாங்கிய கருவியை எடுத்துப்போகாதீர்கள். இங்கே அதற்கு உரிமம் வேண்டும். உரிமம் வேண்டாத குறைந்த சக்திக் கருவிகளுக்கு 2018-இல் 446 மெகாஹெர்ட்ஸ் பகுதி திறக்கப்பட்டது. அதையும் கப்பலில் அனுமதி கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். பிள்ளை கையில் கொடுப்பதற்கு முன், அதை அணைக்கக் கற்றுக்கொடுப்பதற்கும் முன், கேட்கக் கற்றுக்கொடுங்கள். சும்மா ஒரு நிமிடம் காதில் வைத்து, யாராவது பேசுகிறார்களா என்று பார்க்கச் சொல்லுங்கள். நடுக்கடலில் ஃபைபர் படகில் இருப்பவருக்கு, இன்னொருவர் விட்டுக்கொடுக்கும் அந்த ஒரு நிமிடம்தான் கரை.