தேருக்கு பிரேக் போட்டது யாரு?

போன வருஷம் ஆடிப்பூரத்துக்கு லீவு போட்டு ராஜபாளையம் போயிருந்தேன். தேர் பாத்துட்டு ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து திரும்பும்போது அப்பாவோட பழைய கார் நடுவழியில படுத்துருச்சு. தள்ளிப் பாத்தோம், திட்டிப் பாத்தோம், ம்ஹூம். கடைசியில தெரிஞ்ச மெக்கானிக் அண்ணாச்சி ஒரு குட்டியானையில வந்து கயிறு கட்டுனார். கட்டி முடிச்சுட்டு, "தம்பி, கயிறு இழுக்கத்தான் செய்யும், நிப்பாட்டாது. பிரேக் உங்க பொறுப்பு, பாத்துக்கோங்க"ன்னார்.

இஞ்சினியரிங் படிச்ச தெனாவெட்டுல "சரிண்ணாச்சி"ன்னு தலையாட்டுனேன். ரெண்டு கிலோமீட்டர் போயிருப்போம். குறுக்கே ஒரு ஆடு வர, குட்டியானை டக்குனு நின்னுச்சு. நான் பிரேக்கை மிதிக்கிறேன், பெடல் கருங்கல்லு மாதிரி இருக்கு! இஞ்சின் ஓடலைன்னா பிரேக்குக்கு ஒத்தாசை பண்ற வேக்குவம் கிடைக்காது. தேங்கி இருக்குற வேக்குவம் ஒண்ணு ரெண்டு மிதிக்குத்தான் வரும், அப்புறம் முழு பலத்தையும் நம்ம காலுதான் குடுக்கணும். ரெண்டு காலாலயும் ஏறி மிதிச்சு, முன்னாடி வண்டிக்கு ஒரு சாண் இருக்கும்போது நிப்பாட்டுனேன். பக்கத்துல இருந்த அப்பா ஒண்ணுமே பேசல. அதுதான் ரொம்ப பயமா இருந்துச்சு.

மிச்ச தூரம் பூரா மண்டைக்குள்ள ஒரே கேள்விதான். ஒரு டன் காரை இழுக்குறதுக்கே இந்தப் பாடுன்னா, காலையில கயிறு கட்டி இழுத்தோமே, அந்தத் தேரை யாரு நிப்பாட்டுனா?

சரி, மேட்டருக்கு வருவோம். கயிறு இழுக்கும், தள்ளாது. அதனால முன்னால போறவன் பின்னால வர்றதைப் பிடிச்சு நிறுத்த முடியாது. இழுபடுற வண்டிக்குன்னு தனியா ஒரு பிரேக் வேணும். அமெரிக்காவுல பெரிய மோட்டார் வீட்டு வண்டிக்குப் பின்னால காரை மாட்டி இழுத்துட்டுப் போறவங்க, அந்தக் காரோட பிரேக் பெடலை மிதிக்கிறதுக்குன்னே ஒரு பெட்டியை வாங்கி உள்ளே வைக்கிறாங்க. முன்வண்டி வேகம் குறைச்சா பெட்டி மிதிக்கும். இணைப்பு அறுந்து போச்சுன்னா, தானாவே மிதிச்சு காரை நிறுத்துறதுக்கு ஒரு தனிக் கம்பியும் உண்டு. இதைப் படிச்சப்ப எனக்குத் தோணுனது, "அட, இந்த வேலையை நம்ம ஊர்ல கட்டை போடுறவங்க காலங்காலமா செய்யுறாங்களே!"

தேர்ல ரெண்டு வகை மர வேலை இருக்கு. ஒண்ணு, பின்னாடி நீளமான தடியைச் சக்கரத்துக்கு அடியில குடுத்து நெம்பிக் கிளப்புறது. இன்னொண்ணு, ஆப்பு மாதிரி சீவுன முட்டுக்கட்டையை ஓடுற சக்கரத்துக்கு முன்னால போட்டு நிறுத்துறது. தேருக்கு ஸ்டியரிங் கிடையாது. வலப்பக்கச் சக்கரத்துக்குக் கட்டை போட்டா அந்தப் பக்கம் தயங்கும், இடப்பக்கம் முன்னேறும், தேர் வலப்பக்கம் திரும்பும். ஆக, பிரேக்கும் அதே கட்டைதான், ஸ்டியரிங்கும் அதே கட்டைதான். சக்கரத்துக்குப் பக்கத்துல குனிஞ்சுக்கிட்டே நடக்குற அந்த நாலஞ்சு பேருதான் டிரைவர். வடம் பிடிக்கிற நாமெல்லாம் வெறும் இஞ்சின் :-)

இதே கதை ரயில்லயும் நடந்திருக்கு. ஆரம்ப காலத்துல இஞ்சின் டிரைவர் விசில் அடிச்சா, பெட்டிகள்ல நிக்கிற பிரேக்மேன்கள் கைச்சக்கரத்தைத் திருகி நிறுத்துவாங்க. அமெரிக்காவுல பெட்டி மேல ஓடி ஓடித் திருகும்போது விழுந்து செத்தவங்க ஏராளம். 1869ல ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் காத்து பிரேக் கண்டுபிடிச்சார். அதுல குழாய் அறுந்தா பிரேக்கே இல்லாமப் போற குறை இருந்துச்சு. சில வருஷத்துல அதையும் மாத்தி, குழாய் அறுந்தா பிரேக் தானா பிடிக்கிற மாதிரி பண்ணிட்டார். "இணைப்பு அறுந்தா ஓடக்கூடாது, நிக்கணும்"ங்கிற அந்த யோசனைதான் இன்னைக்கு ரயில்ல இருந்து லாரி வரைக்கும் அடிப்படை.

இப்ப நம்ம தேருக்கு வருவோம். ஸ்ரீவில்லிபுத்தூர் தேர் மரச்சக்கரத்துல ஓடுன காலத்துல நிலைக்கு வர நாள் கணக்காகும், சில தடவை மாசக் கணக்காகும்னு எங்க தாத்தா சொல்லுவார். அப்புறம் இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் வந்துச்சு. இப்ப காலையில வடம் பிடிச்சா அன்னைக்கே நிலைக்கு வந்துருது. திருவாரூர் ஆழித்தேரும் இப்படித்தான். 1926ல பழைய தேர் எரிஞ்சு போய், புதுசு செஞ்சு ஓட்டுனாங்க. 1948க்கு அப்புறம் அதுவும் நின்னு போச்சு. திருச்சி பெல் நிறுவனம் இரும்பு அச்சும் சக்கரமும் செஞ்சு குடுத்து 1970லதான் மறுபடி ஓடுச்சு. ஹைட்ராலிக் பிரேக் அதுக்கும் அப்புறமாத்தான் வந்துச்சு. பாய்லர் செய்யுற கம்பெனி தேருக்குச் சக்கரம் செஞ்சது எனக்கு ரொம்பப் பிடிச்ச தகவல்.

எல்லாரும் இதை "இழுக்குறது சுலபமாச்சு"ன்னு மட்டும்தான் சொல்றாங்க. நான் ஒரு கணக்கு போட்டுப் பாத்தேன். தோராயக் கணக்குதான், சண்டைக்கு வராதீங்க.

தேர் 300 டன்னு வைங்க. கரடுமுரடான தெருவுல மரச்சக்கரம் உருள, எடையில நூத்துக்கு நாலு பங்கு இழுவிசை வேணும்னா 12 டன். ஆளுக்கு 25 கிலோ இழுத்தா 480 பேர். இரும்புச் சக்கரம், தார் ரோடு, நூத்துக்கு ஒரு பங்குன்னா 3 டன். 120 பேர் போதும்.

இனிமேத்தான் வில்லங்கம். நூறு அடிக்கு ஒரு அடி இறக்கம் வருதுன்னு வைங்க, கண்ணுக்கே தெரியாத இறக்கம். அது தேரை 3 டன் விசையில முன்னால இழுக்கும். மரச்சக்கரம்னா பிரச்சினை இல்லை. வடத்தை விட்டா, நடக்குற வேகத்துல வர்ற தேர் ரெண்டு மீட்டருக்குள்ள தானா நின்னுரும். இரும்புச் சக்கரத்துக்கு அந்த 3 டன்னும் இந்த 3 டன்னும் சரியாப் போச்சு. நிக்கவே நிக்காது! நடக்குற வேகத்துல வர்ற 300 டன் தேருக்குள்ள இருக்குற சக்தி, அறுபது கிலோமீட்டர் வேகத்துல வர்ற ஒரு டன் காருக்குள்ள இருக்குற சக்திக்குச் சமம். அதுக்கு முன்னால வடத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறது நாம.

அதாவது, பழைய தேருக்கு அதோட கஷ்டமே பாதி பிரேக். கரகரன்னு உராயுற மரம்தான் நம்மளைக் காப்பாத்திட்டு இருந்துச்சு. மீதியைக் கட்டை பாத்துக்கிச்சு. சக்கரத்தை வழுவழுன்னு ஆக்குன அன்னைக்கு அந்த இலவச பிரேக் போயிருச்சு. அதனால ஹைட்ராலிக் பிரேக்கை வசதின்னு சொல்றது தப்பு. சுலபமா ஓட வச்சதுக்குக் குடுத்தே ஆகவேண்டிய விலை அது. தத்துவம் என்னமோ காருல இருக்குறதுதான். சின்னக் குழாயில அழுத்துனா பெரிய உருளையில பல மடங்கு விசை கிடைக்கும். 1921ல டூசன்பெர்க் கார்ல நாலு சக்கரத்துக்கும் வந்த அதே சங்கதி.

அப்ப கட்டைக்கு வேலை போச்சான்னா, இல்லை. திருவாரூர்ல ஹைட்ராலிக் பிரேக் வந்த பிறகும் கட்டை போடுறாங்க. தெருமுனையில இரும்புத் தகடு போட்டு, கிரீஸ் தடவி, கட்டை குடுத்துத்தான் திருப்புறாங்க. வடத்தையும் முழுசா நம்ப முடியாது. 2024 ஜூன்ல நெல்லையப்பர் தேர்ல வடங்கள் அடுத்தடுத்து அறுந்ததைப் பாத்திருப்பீங்க. அறுந்த பிறகு தேரை அசையாமப் பிடிச்சு வைக்க வடத்தால முடியாது, சக்கரத்துக்கு அடியில இருக்குறதாலதான் முடியும்.

ஒரு காரியத்தைக் கெடுக்குறவனை "முட்டுக்கட்டை போடுறான்"னு திட்டுறோம். அந்த ஆடு குறுக்கே வந்த நாள்ல இருந்து எனக்கு அந்த வார்த்தை மேல ஒரு மரியாதை வந்துருச்சு. தேரோட்டப் படங்கள்ல வடம் பிடிக்கிற கூட்டம் இருக்கும், மேல ஆண்டாளும் ரங்கமன்னாரும் இருப்பாங்க. சக்கரத்துக்குக் கீழ குனிஞ்ச முதுகு மட்டும் எந்தப் படத்துலயும் சரியாத் தெரியாது. அடுத்த தடவை வடம் பிடிக்கும்போது ஒரு நிமிஷம் திரும்பி அவங்களைப் பாருங்க. கட்டை போட்டு அவங்க கையை எடுத்து முடிக்கிற வரைக்கும் விசிலைக் கவனிச்சு இழுங்க. அதுதான் நாம செய்யக்கூடிய பிரேக்.

டிஸ்கி: காரைக் கயிறு கட்டி இழுக்கணும்னா சாவியை ஆன் பண்ணி வைங்க, இல்லைன்னா ஸ்டியரிங் பூட்டிக்கும். பிரேக் கல்லு மாதிரி இருக்கும்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்கோங்க. கயிறைவிட இரும்புக் கம்பி நல்லது, அது முன்வண்டி மேல மோதவிடாது. எல்லாத்தைவிட நல்லது, மொத்தமாத் தூக்கிட்டுப் போற வண்டிக்குக் காசு குடுத்துடுறது.

உங்க ஊர்த் தேர்ல இந்தக் கட்டைக்கு என்ன பேரு? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க மக்களே.