கேமராவின் சாட்சியும் விதியின் கேள்வியும்: அமெரிக்கக் கால்பந்தில் ரீப்ளேயின் எல்லை

2025 ஜனவரி 26, கான்சஸ் சிட்டியின் ஆரோஹெட் மைதானம். ஏ.எஃப்.சி. இறுதிப் போட்டியின் நான்காம் கால் பகுதி தொடங்கியிருந்தது. 22–21 என்று முன்னிலையில் இருந்த பஃபலோ பில்ஸ் அணிக்கு நான்காவது முயற்சியில் ஒரு கஜம் தேவை. குவாட்டர்பேக் ஜாஷ் ஆலன் பந்தை மார்போடு அணைத்துக்கொண்டு ஆள் குவியலுக்குள் பாய்ந்தார். இரு பக்கக் கோடுகளிலிருந்தும் ஓடிவந்த இரண்டு நடுவர்கள் பந்து நின்ற இடமென இரண்டு வெவ்வேறு இடங்களைக் காட்டினார்கள். ஒன்றின்படி பில்ஸின் ஆட்டம் தொடரும். மற்றதன்படி பந்து எதிரணியான சீஃப்ஸின் கைக்குப் போகும். இரண்டாவது ஏற்கப்பட்டது. ரீப்ளேயும் பார்த்தார்கள். உடல்களுக்கு அடியில் கிடந்த பந்து எந்தக் கோணத்திலும் சரியாகத் தெரியவில்லை. களத்துத் தீர்ப்பே நிலைத்தது. சீஃப்ஸ் 32–29 என்று வென்றது.

இத்தனை கேமரா இருந்தும் தவறு ஏன் நடக்கிறது என்பதுதான் இத்தகைய போட்டிகளுக்குப் பிறகு எழும் வழக்கமான கேள்வி. அந்தக் கேள்வியே சற்றுப் பிசகானது என்பது இக்கட்டுரையின் வாதம். நடுவர் முன் வரும் கேள்விகள் இருவகை. கால் கோட்டுக்குள் பட்டதா, முழங்கால் தரையைத் தொடுமுன் பந்து நழுவியதா, கடிகாரத்தில் நேரம் மிச்சமிருந்ததா என்பவை இடத்தையும் காலத்தையும் பற்றியவை. ஒருவர் இடித்தது ஆட்டத்தைக் கெடுக்கும் அளவுக்கு இருந்ததா, பந்து ஒருவர் வசமாகிவிட்டதா, அவர் எறிய நினைத்தாரா என்பவை அளவையும் நோக்கத்தையும் பற்றியவை. முதல் வகையில் கேமரா நேரடிச் சாட்சி. இரண்டாம் வகையில் அது கூடுதலாக ஒரு பார்வையாளர், அவ்வளவே. தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லின் பெரிய சர்ச்சைகள் பல, இரண்டாம் வகைக் கேள்விக்கு முதல் வகை விடையை வரவழைக்க முயன்றபோது வெடித்தவை.

வரவேற்பறையிலிருந்து மைதானத்துக்கு

ரீப்ளே நடுவருக்காகப் பிறந்ததல்ல. 1963 டிசம்பர் 7 அன்று, ராணுவ, கடற்படைக் கல்லூரி அணிகள் மோதிய ஆட்டத்தின் ஒளிபரப்பில் சி.பி.எஸ். இயக்குநர் டோனி வெர்னா அதை முதன்முதலாகப் பயன்படுத்தினார். வீட்டிலிருந்து பார்ப்பவருக்கு அது ஒரு சுவாரசியமான சேர்க்கை. அந்தச் சேர்க்கையே போகப் போக நடுவருக்கு எதிரான சாட்சியாக மாறியது.

1980 ஜனவரியில் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸுக்கு எதிரான ஆட்டத்தில் ஹூஸ்டன் ஆயிலர்ஸ் வீரர் மைக் ரென்ஃப்ரோ எண்ட் ஸோனின் ஓரத்தில் பந்தைப் பிடித்தார். நடுவர்கள் கூடிப் பேசி அது செல்லாது என்றார்கள். வீடுகளில் அமர்ந்திருந்தவர்களோ அவருடைய இரண்டு கால்களும் கோட்டுக்குள் பட்டதைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தீர்ப்புச் சொல்ல வேண்டியவருக்கு மட்டும் அந்தப் படம் கிடைக்காத விசித்திரம் நெடுநாள் நீடிக்க முடியாது என்பது அன்றே தெரிந்துவிட்டது.

லீக் 1986-இல் ரீப்ளேயை ஏற்றது. மேலறையில் இருந்த அதிகாரி படத்தைப் பார்த்து வாக்கி டாக்கியில் களத்துக்குச் சொல்ல வேண்டும். அந்த ஆண்டே கான்சஸ் சிட்டியில் நடந்த ஓர் ஆட்டத்தில், பாஸ் செல்லாது என்று மேலறை சொன்னது களத்தில் செல்லும் என்று கேட்டது. எதிரணியான ரெய்டர்ஸுக்கு டச் டவுன் கிடைத்துவிட்டது. 1989 நவம்பரில் கிரீன் பே பேக்கர்ஸ் 14–13 என்று சிகாகோ பேர்ஸை வென்றது, ஏறத்தாழ ஐந்து நிமிடக் காத்திருப்புக்குப் பின் மாற்றப்பட்ட தீர்ப்பால். ஆத்திரம் தாளாத சிகாகோ நிர்வாகம் தன் பதிவேட்டில் அந்த முடிவுக்கு எதிரே நட்சத்திரக் குறி போட்டு வைத்தது. 1992-இல் அணி உரிமையாளர்கள் 17–11 என்று வாக்களித்தார்கள். பெரும்பான்மை ஆதரவாக இருந்தும் தேவையான 21 வாக்கு சேரவில்லை; ரீப்ளே விடைபெற்றது.

அதைத் திரும்பக் கொண்டுவந்தது ஒரு தலைக்கவசம். 1998 டிசம்பர் 6 அன்று நியூயார்க் ஜெட்ஸ் குவாட்டர்பேக் வின்னி டெஸ்டவெர்டி கோல் கோட்டை நோக்கிப் பாய்ந்து விழுந்தார். தலை கோட்டைக் கடந்தது, பந்து கடக்கவில்லை. நடுவர் டச் டவுன் என்று கையுயர்த்தினார். சியாட்டில் சீஹாக்ஸ் 32–31 என்று தோற்றது; அந்தப் பருவம் முடிந்ததும் அதன் பயிற்சியாளர் டென்னிஸ் எரிக்சன் வேலையிழந்தார். அடுத்த மார்ச்சில் 28–3 வாக்கில் ரீப்ளே மீண்டது. இம்முறை பயிற்சியாளரே சிவப்புக் கொடியை வீசி முறையிட வேண்டும். முறையீடு தோற்றால் ஒரு டைம் அவுட் பறிபோகும். கடைசி இரண்டு நிமிடங்களில் மட்டும் மேலறை தானாகத் தலையிடும்.

ரென்ஃப்ரோவின் கால், டெஸ்டவெர்டியின் பந்து இரண்டுமே இடம் பற்றிய கேள்விகள். அவற்றுக்கு ரீப்ளே நல்ல மருந்துதான். 2009 பிப்ரவரியில் டாம்பாவில் நடந்த லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌலின் கடைசி நிமிடத்தில் ஸ்டீலர்ஸின் சான்டோனியோ ஹோம்ஸ் மூன்று எதிராளிகளுக்கு நடுவே எட்டிப் பந்தைப் பிடித்து, இரண்டு கால் நுனிகளையும் கோட்டுக்குள் ஊன்றினார். களத்தில் சொன்னது சரியே என்று படம் உறுதி செய்தது. 27–23 என்ற அந்த முடிவை இன்று யாரும் கிளறுவதில்லை.

நோக்கத்தை அளக்கப் போன விதி

ரீப்ளே திரும்பிய அதே 1999-இல் விதிப்புத்தகத்தில் ஒரு குறிப்பும் நுழைந்தது. குவாட்டர்பேக்கின் கை முன்னோக்கி நகரத் தொடங்கிவிட்டால், எறிவதைக் கைவிட்டுப் பந்தை உடலோடு சேர்க்கும்போது அது நழுவினாலும் எறிந்ததாகவே கொள்ள வேண்டும் என்றது அது. எறிய நினைத்தாரா இல்லையா என்று நடுவர் ஊகிக்க வேண்டாம், கையசைவைப் பார்த்தால் போதும் என்பது அதன் தர்க்கம். மனத்தில் இருப்பதைக் கையில் தேடச் சொன்ன விதி அது.

2002 ஜனவரி 19, ஃபாக்ஸ்பரோவில் கொட்டும் பனி. ஓக்லண்ட் ரெய்டர்ஸ் 13–10 முன்னிலை. கடைசி இரண்டு நிமிடங்களுக்குள் சார்ல்ஸ் வுட்சன் மோதியதில் நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸின் டாம் பிரேடி பந்தை நழுவவிட, ரெய்டர்ஸ் அதன்மேல் விழுந்தது. ஆட்டம் முடிந்தது என்றே எல்லோரும் நினைத்தார்கள். மேலறை தலையிட்டது. தலைமை நடுவர் வால்ட் கோல்மன் திரையைப் பார்த்துவிட்டு வந்து, அது முழுமையடையாத பாஸ் என்றார். ஆடம் வினாட்டியேரி பனிக்குள் 45 கஜ தூரத்திலிருந்து உதைத்துச் சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் பேட்ரியாட்ஸ் 16–13 என்று வென்றது. அடுத்து சூப்பர் பௌலையும் வென்றது.

இங்கே கேமரா பிழை செய்யவில்லை. கோல்மனும் விதியை எழுத்துப் பிசகாமல் நிறைவேற்றினார். ஆட்டம் தெரிந்த எவருக்கும் ஃபம்பிள் (வசமிருந்த பந்தை நழுவவிடுதல்) என்று பட்ட ஒன்றை, மெதுவாக ஓடிய படமும் நுணுக்கமான விதியும் கைகோத்து வேறொன்றாக்கின. அந்த விதியை 2013-இல் 29–1 வாக்கில் நீக்கினார்கள்.

பந்தைப் பிடிப்பது எது என்ற வழக்கு இன்னும் நீண்டது. கீழே விழுந்தபடி பிடிப்பவர் தரையில் மோதிய பிறகும் பந்தின் பிடி தளராமல் வைத்திருக்க வேண்டும் என்று விதி வற்புறுத்தியது. 2010 செப்டம்பரில் டெட்ராய்ட் லயன்ஸின் கால்வின் ஜான்சன் எண்ட் ஸோனில் பந்தைப் பிடித்து, இரு கால் ஊன்றி, விழுந்து, எழும்போது பந்தைத் தரையில் விட்டார், வெற்றி கைநழுவியது. 2015 ஜனவரியில் டல்லஸ் கௌபாய்ஸின் டெஸ் பிரயன்ட், 2017 டிசம்பரில் ஸ்டீலர்ஸின் ஜெஸ்ஸி ஜேம்ஸ் என்று பட்டியல் வளர்ந்தது. பின்னிருவர் வழக்கிலும் களத்து நடுவர் செல்லும் என்றார். ரீப்ளே செல்லாது என்றது. பந்து தரையில் பட்டு அசைந்த அந்தக் கணத்தைக் கேமரா மிகச் சரியாகவே பிடித்திருந்தது. அந்த அசைவுக்கு அத்தனை எடை தரலாமா என்பதைப் படம் சொல்லாது.

2018 மார்ச்சில் உரிமையாளர்கள் 32–0 என்று விதியை எளிமையாக்கினார்கள். பந்தின் மேல் கட்டுப்பாடு, இரு கால் அல்லது உடலின் வேறொரு பகுதி கோட்டுக்குள் படுதல், அதன்பின் ஆட்டத்துக்குரிய ஓர் அசைவு ஆகிய மூன்றும் போதும். விதியைத் திருத்திய குழுவைச் சேர்ந்தவர்களே பிரயன்ட்டும் ஜான்சனும் பிடித்தது செல்லத்தக்கது என்று ஒப்புக்கொண்டார்கள். நுணுக்கத்தைக் கூட்டிக்கொண்டே போன விதி, கடைசியில் சாதாரணப் பார்வைக்குத் தெரிவதை நோக்கித் திரும்ப வேண்டியதாயிற்று.

விழாத கொடி

2019 ஜனவரி 20 அன்று நியூ ஆர்லியன்ஸில் நடந்தது இதற்கு நேர்மாறு. ஆட்டம் 20–20 என்று சமன். இரண்டு நிமிடத்துக்கும் குறைவான நேரமே மிச்சம். பந்து வந்து சேருமுன்பே லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸின் நிக்கெல் ரோபி-கோல்மன் செயின்ட்ஸ் வீரர் டாமிலீ லூயிஸை இடித்துத் தள்ளினார். குற்றத்தைக் குறிக்க நடுவர் வீசும் மஞ்சள் கொடி விழவில்லை. குறுக்கீட்டுக் குற்றம் ரீப்ளேயின் வரம்புக்குள் இல்லாததால் முறையிடவும் வழியில்லை. ராம்ஸ் கூடுதல் நேரத்தில் 26–23 என்று வென்று சூப்பர் பௌலுக்குப் போனது. களத்தில் கொடி விழாத அதே மோதலுக்காக ரோபி-கோல்மனுக்கு லீக் பிறகு 26,739 டாலர் அபராதம் விதித்தது. கொடி விழுந்திருக்க வேண்டும் என்று ஆணையர் ராஜர் குடெலும் ஒப்புக்கொண்டார். ரசிகர்கள் நீதிமன்றம் வரை போயும் முடிவு மாறவில்லை.

அவசரம் அவசரமாக ஒரு மருந்து தயாரானது. அந்த மார்ச்சில் 31–1 வாக்கில், குறுக்கீட்டையும் ஓராண்டுக்கு ரீப்ளேயின் கீழ் கொண்டுவந்தார்கள். நடந்தது என்ன? நவம்பரில் பால்டிமோரில் ஹூஸ்டன் டெக்ஸன்ஸின் டியாண்ட்ரே ஹாப்கின்ஸை மார்லன் ஹம்ஃப்ரி பந்து வருமுன் பற்றிச் சுழற்றியது எல்லாத் திரைகளிலும் தெரிந்தது. டெக்ஸன்ஸ் முறையிட்டும், ரீப்ளேயை முடிவு செய்யும் லீகின் நியூயார்க் மையம் கொடி போட மறுத்தது. எந்த இடிக்குத் தலையிடுவது, எதை விடுவது என்ற அளவுகோலை யாராலும் ஊகிக்க முடியவில்லை. 2020-இல் அந்த ஏற்பாட்டைச் சத்தமில்லாமல் கைவிட்டார்கள்.

தோல்விக்கு நியூயார்க்கில் இருந்தவர்களின் திறமைக் குறைவைக் காரணம் காட்டுவது எளிது. காரணம் அதைவிட ஆழமானது. பந்து பறந்து வரும்போது இருவரும் கொஞ்சம் உரசத்தான் செய்வார்கள். அளவு மீறினால்தான் குற்றம். அந்த அளவு ஓடும் வேகத்தில் உணரப்படுவது. படத்தை மெதுவாக்கினால் எந்த உரசலும் பிடித்திழுப்பதாகவே தெரியும். 2016-இல் யூஜீன் கரூசோவும் இரு சக ஆய்வாளர்களும் வெளியிட்ட உளவியல் ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது: ஒரு செயலை மெதுவான படமாகப் பார்ப்பவர்கள், செய்தவருக்கு யோசிக்க நேரம் இருந்ததாக நம்பி, அவருக்குக் கூடுதலான உள்நோக்கம் கற்பித்தார்கள்.

முதலில் சொன்னவரின் பாரம்

இன்னொரு சிக்கல் ரீப்ளேயின் அடித்தளத்திலேயே இருக்கிறது. களத்துத் தீர்ப்பை மாற்றத் தெளிவான, வெளிப்படையான காட்சிச் சான்று வேண்டும். இல்லையேல் அதுவே நிற்கும். கீழ் நீதிமன்றத் தீர்ப்பை லேசில் கலைக்காத மேல்முறையீட்டு மரபு போன்றது இது. ஆனால் கீழ் நீதிபதி சாட்சிகளை நாட்கணக்கில் விசாரித்தவர். கள நடுவரோ கண நேரம் பார்த்தவர்.

2012 செப்டம்பர் 24 அன்று சியாட்டிலில் அந்தக் கணத்தின் பாரம் அம்பலமானது. வழக்கமான நடுவர்களைச் சம்பளத் தகராறில் லீக் வெளியே நிறுத்தியிருந்த காலம். கடைசி வினாடியில் வந்த நீண்ட பாஸைப் பேக்கர்ஸின் எம்.டி. ஜென்னிங்ஸும் சீஹாக்ஸின் கோல்டன் டேட்டும் சேர்ந்து கட்டிக்கொண்டு விழுந்தார்கள். பக்கத்தில் நின்ற இரு மாற்று நடுவர்களில் ஒருவர் டச் டவுன் என்று கைகளை உயர்த்தினார். மற்றவர் ஆட்டத்தை நிறுத்தும் சைகை காட்டினார். டச் டவுன் தீர்ப்பாயிற்று. எதிராகப் போதிய சான்று இல்லை என்று ரீப்ளேயும் அதை விட்டுவைத்தது; சீஹாக்ஸ் 14–12. மற்ற நடுவரின் சைகை தீர்ப்பாகியிருந்தால், அதே படம் அதையும் காப்பாற்றியிருக்கக்கூடும். பந்து வருமுன் டேட் எதிராளியைத் தள்ளியது குற்றம் என்று லீக் மறுநாள் ஒப்புக்கொண்டது. அதுவோ அன்று ரீப்ளேயின் வரம்புக்கு வெளியே. இரண்டே நாளில் வழக்கமான நடுவர்களுடன் உடன்பாடு எட்டப்பட்டது.

முதல் தீர்ப்புக்கு இத்தனை பாரம் இருப்பதால் நடுவர்களின் பழக்கமும் மாறியது. 2008 செப்டம்பரில் டென்வரில் பிராங்கோஸ் குவாட்டர்பேக் ஜே கட்லர் நழுவவிட்ட பந்தை முழுமையடையாத பாஸ் என்று நினைத்து நடுவர் எட் ஹோக்குலி விசில் ஊதிவிட்டார். படம் ஃபம்பிள் என்று காட்டியும், விசிலுக்குப் பிறகு எடுத்த பந்து எதிரணியான சார்ஜர்ஸுக்குச் சேரவில்லை. பிராங்கோஸ் 39–38 என்று வென்றது. ஹோக்குலி தம் பிழையை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். அடுத்த ஆண்டு விதி திருத்தப்பட்டது. இன்று சந்தேகமான ஆட்டத்தை ஓடவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற போக்கு வலுத்திருக்கிறது. தீர்ப்பைத் திருத்த வந்த கருவி, தீர்ப்புச் சொல்லும் முறையையே வளைத்துவிட்டது.

வரம்பை எங்கே வரைவது

ரீப்ளேயைத் தூக்கி எறியச் சொல்வதல்ல இதன் பொருள். 2025 பருவம் முதல், பத்து கஜம் நிறைந்ததா என்பதைச் சங்கிலிக்குப் பதிலாக ஹாக்ஐ கேமராக்கள் அளக்கின்றன. கிரிக்கெட் எல்.பி.டபிள்யூ. தீர்ப்புகளில் பழகிய அதே ஹாக்ஐதான். ஆனாலும் பந்தை எந்தப் புள்ளியில் வைப்பது என்பதை இன்னமும் நடுவரே முடிவு செய்கிறார். அவர் வைத்த இடத்திலிருந்துதான் கருவி அளக்கிறது. இடம், காலம் பற்றிய கேள்விகளில் முதலில் சொன்னவருக்குத் தரும் சலுகையை விட்டுவிட்டு, இருக்கும் சான்று எந்தப் பக்கம் சாய்கிறதோ அதை ஏற்பதே முறை.

அளவும் நோக்கமும் பற்றிய கேள்விகளுக்கு வேறு ஏற்பாடு வேண்டும். 2019-இல் சில வாரங்களே ஆடி மறைந்த ஏ.ஏ.எஃப். லீக் ஒரு வழி காட்டியது. மேலறையில் அமர்ந்த கூடுதல் நடுவர், களத்தில் தவறவிட்ட வெளிப்படையான குற்றத்தை அங்கிருந்தே சொல்லலாம். அவரும் நடுவர் குழுவில் ஒருவர். ஓடும் வேகத்திலேயே பார்க்கக்கூடியவர்.

என்.எஃப்.எல். அந்த வழியில் பாதித் தூரம் வந்திருக்கிறது. 2025 விதிப்படி, முகக்கவசத்தைப் பிடித்திழுத்தல் போன்ற சில குற்றங்களுக்கு விழுந்த கொடி தவறு என்று தெளிவாகத் தெரிந்தால் மேலறையின் உதவியோடு அதைத் திரும்ப எடுக்கலாம். விழாத கொடியைப் போட முடியாது. பாஸ் குறுக்கீடும் அந்தப் பட்டியலில் இல்லை. நியூ ஆர்லியன்ஸில் நடந்த மோதல் இந்த விதியின் கீழ் நடந்திருந்தாலும் முடிவு மாறியிருக்காது. மேலறைக்குக் கொடி போடும் அதிகாரத்தையும் தருவதா, தந்தால் எந்தக் குற்றங்களோடு நிறுத்துவது என்பதை உரிமையாளர்கள் இனிமேல்தான் தீர்மானிக்க வேண்டும்.