பால் மரத்தைக் காத்த கைகள்: தங்காக் வட்டாரத் தோட்ட வரலாறு



தோட்டத் தமிழர் வரலாற்றை வகுப்பில் எப்படி நடத்துகிறோம்? "கூலியா வந்தாங்க, காட்டை அழிச்சாங்க, பால் மரம் சீவினாங்க, கஷ்டப்பட்டாங்க." அத்தோடு பாடம் முடிந்துவிடுகிறது. கஷ்டம் உண்மைதான். ஆனால் அந்த மரத்தை வருடக்கணக்கில் உயிரோடு வைத்திருந்தது யாருடைய திறமை? அதைச் சொல்ல மறந்துவிடுகிறோம்.

நம்ம தங்காக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் லேடாங் மலை, இன்னொரு பக்கம் மூவார் ஆற்றுப் படுகை, அதைத் தாண்டினால் மலாக்கா நீரிணை. மழையும் ஈரமும் நிறைந்த வட்டாரம். பக்கத்து மலாக்காவில்தான் 1896இல் டான் சே யான் என்பவர் புக்கிட் லிந்தாங்கில் மலாயாவின் முதல் வணிக ரப்பர் தோட்டத்தைத் தொடங்கினார். பிறகு லேடாங் மலையடிவாரத்து ஆசகானிலும் நட்டார். அவரை ஊக்குவித்தவர் 1888இல் சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி.

ரிட்லியின் பெரிய பங்களிப்பு, மரத்தைக் கொல்லாமல் பால் எடுக்கும் முறை. அமேசான் காட்டில் கோடரியால் கொத்திப் பால் எடுத்தார்கள். மரம் புண்ணாகிப் போகும். ரிட்லியோ, பட்டையை மெல்லியதாகச் சீவி, அடுத்த முறை அதே வெட்டின் ஓரத்தையே மறுபடி சீவலாம் என்று காட்டினார். காட்டியது அவர். அதைப் பல்லாயிரம் ஏக்கரில் நாள்தோறும் செய்து காட்டியவர்களில் பெரும்பகுதியினர், கங்காணிகள் வழியாக வந்த நம் முன்னோர்கள். 1938இல் இந்திய அரசு தடை விதிக்கும்வரை அந்த வரவு தொடர்ந்தது.

இந்த வேலையின் நுட்பத்தை மாணவர்களுக்கு இப்படி விளக்கலாம். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே மரத்தை வளர்க்கும் மெல்லிய படலம் ஒன்று உண்டு. பால் குழாய்கள் அதை ஒட்டித்தான் அதிகம். ஆகவே ஆழமாக வெட்டினால் பால் கூடும். ஆனால் உளி அந்தப் படலத்தைத் தொட்டுவிட்டால் காயம். அந்த இடத்தில் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாக வளரும், மறுபடி வெட்ட முடியாது. சீவும் பட்டையின் கனமோ ஒன்றரை மில்லிமீட்டர் அளவுதான். அதை விடியாத இருட்டில், நெற்றி விளக்கு வெளிச்சத்தில், 300 முதல் 500 மரம்வரை செய்யணும். வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால்தான் அந்த அதிகாலை அவசரம்.

இதில் உள்ள சிக்கலைக் கவனியுங்கள். பால் குறைந்தால் சம்பளம் குறையும். காயம் பட்டால் கங்காணியிடம் ஏச்சு. வீட்டு அடுப்புக்கும் மரத்தின் ஆயுளுக்கும் நடுவில், ஒவ்வொரு மரத்தடியிலும், அந்தக் கை ஒரு முடிவு எடுத்தது. ஒழுங்காகச் சீவிய பட்டை ஏழெட்டு வருடத்தில் மறுபடி வெட்டத் தயாராகும். அப்படிக் காத்த மரம் 25 வருடத்துக்கு மேல் பால் கொடுக்கும்.

ஈரமான வட்டாரத்தில் இன்னொரு தொல்லையும் உண்டு. மழை பெய்தால் பால் மங்குக்குப் போகாமல் பட்டையெல்லாம் வழிந்துவிடும். அன்றைக்கு வெட்டு இல்லை. வெட்டிய இடத்தில் பூஞ்சணமும் பிடிக்கும். அதைச் சரியான நேரத்தில் கண்டுபிடித்து மருந்து பூசணும். அதை முதலில் பார்ப்பது தினமும் மரத்தடிக்குப் போகிறவர்தானே?

இன்று ரப்பர் நின்ற பல நிலங்களில் செம்பனை நிற்கிறது. உளி, மங்கு, நிரை, ஒட்டுப்பால், பெரட்டு என்ற சொற்கள் நம் மாணவர்களுக்கு அந்நியமாகிவிட்டன. அவற்றை அறிந்த தாத்தா பாட்டிகளோ குறைந்துகொண்டே வருகிறார்கள்.

அடுத்த வாரம் இதைச் செய்து பாருங்கள். மாணவர்கள் வீட்டில் மூன்று கேள்வி கேட்கட்டும்: "மரம் சீவ யார் சொல்லிக்கொடுத்தாங்க? காயம் படாம எப்படி வெட்டுவீங்க? மரத்துக்கு நோய் வந்தா எப்படித் தெரியும்?" பதிலை அவர்கள் பேசியபடியே எழுதி வரச் சொல்லுங்கள். தாத்தாவுக்கு ஒரு தொழில் தெரிந்திருந்தது என்று பிள்ளை தன் கையாலேயே எழுதட்டும்.