பல் முளைத்த வார்

வார் என்றால் நம்ம ஆட்களுக்கு முதலில் தோல்தான் ஞாபகம் வரும். செருப்பு வார், தவிலை இழுத்துக் கட்டும் வார், நுகத்தடியில் மாட்டைப் பூட்டும் வார். ரைஸ் மில்லில் மோட்டாரையும் அரவை எந்திரத்தையும் இணைக்கிற நீளப் பட்டையை ‘பெல்ட்டு’ என்று சொல்லப் பழகிய பிறகும் ரொம்ப காலத்துக்கு அது தோலாகத்தான் இருந்தது. காருக்குள் ஓடும் டைமிங் பெல்ட் இந்த வாரின் பேரப்பிள்ளை. பாட்டனிடம் இருந்த ஒரு நல்ல குணம் மட்டும் பேரனுக்கு வரவில்லை. அந்தக் குணம் வழுக்குவது.

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொழிற்சாலையைக் கற்பனை செய்து பாருங்க. ஒரே ஒரு நீராவி எஞ்சின். கூரைக்குக் கீழே இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை சுழலும் ஓர் இரும்புத் தண்டு. அதிலிருந்து ஒவ்வொரு எந்திரத்துக்கும் இறங்கும் தோல் பட்டைகள். உலகம் முழுக்கத் தொழிற்புரட்சி இப்படித் தோலைக் கட்டித்தான் ஓடியது. அந்தக் காலத்தில் உலகத்துக்குத் தோல் அனுப்பிய ஊர்களில் நம்ம பாலாற்றங்கரையும் உண்டு. ஆவாரம்பட்டையில் ஊறவைத்துப் பதனிட்ட தோல்கள் சென்னைத் துறைமுகம் வழியாக லண்டன் சந்தைக்குப் போயின. தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து கிளம்பி வந்து நின்ற இடம் வாலாஜா ரோடு. அந்தத் தடம் மேற்கே நீண்டு ஆம்பூரையும் வாணியம்பாடியையும் தொட்டது. 1903 வாக்கில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனிடலைச் சோதித்துப் பார்த்தார். அவர் மனதில் இருந்த உபயோகங்களில் ஒன்று, கவலை ஏற்றத்தில் தண்ணீர் மொள்ளும் தோல் சால். பட்டையில் பதனிட்ட தோலைவிட அது தண்ணீரில் அதிக நாள் தாங்கும் என்பது கணக்கு. அந்த குரோமியம் பின்னாளில் இந்த மண்ணை என்ன செய்தது என்பதற்குக் கடைசியில் வருவோம்.

தோல் பட்டையின் குணம் எளிமையானது. அரவையில் கல் சிக்கினால் பட்டை வழுக்கும், கிறீச்சிடும், கருகல் வாசம் அடிக்கும், கடைசியில் கப்பியை விட்டுக் கழன்று விழும். எந்திரம் தப்பித்துவிடும். ‘பெல்ட்டு வழுக்குது’ என்று ஆள் ஓடிவந்து நிறுத்துவார். வழுக்கல் ஒரு குறைபாடு, ஆனால் அதுவே எச்சரிக்கை மணியும்கூட.

இந்தக் குறையைத் தாங்கமுடியாத எந்திரம் ஒன்று உண்டு. தையல் மெஷின். மேலே ஊசி இறங்கி ஏறும்போது கீழே கொக்கி சரியாக அந்தக் கணத்தில் வந்து நூல் வளையத்தைப் பிடிக்கவேண்டும். மயிரிழை தவறினாலும் தையல் விட்டுப்போகும், இல்லையென்றால் ஊசி உடையும். மேல் தண்டையும் கீழ்த் தண்டையும் வழுக்காமல், சத்தமில்லாமல் இணைக்க என்ன வழி? 1940களில் அமெரிக்காவின் கில்மர் நிறுவனத்தில் ரிச்சர்ட் கேஸ் என்பவர் சிங்கர் தையல் மெஷினுக்காகப் பல் வைத்த ரப்பர் பட்டையை உருவாக்கினார். உள்ளே இழுவிசை தாங்கும் இழைகள், பற்களின் மேல் நைலான் துணி. பட்டையின் பல் சக்கரத்தின் பள்ளத்தில் உட்காரும், நழுவாது. தோல் பட்டையின் வேலையைப் பறித்த இந்த ரப்பர்ப் பட்டை பிறந்ததே தையலுக்காகத்தான். ஆம்பூர் ஷூ கம்பெனிகளில் வரிசையாக உட்கார்ந்து மேல்தோலைத் தைக்கிற பெண்களின் மெஷின்கள் பலவற்றுக்குள்ளும் இன்று அப்படியொரு பல் பட்டைதான் சுற்றிக்கொண்டிருக்கிறது.

காருக்குள்ளும் இதே ஊசி–கொக்கி கதைதான். கிராங்க் தண்டு இரண்டு சுற்று சுற்றினால் கேம் தண்டு ஒரு சுற்று சுற்றவேண்டும். கேம் வால்வுகளைத் திறந்து மூடும், கிராங்க் பிஸ்டன்களை மேலும் கீழும் ஓட்டும். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும்போது ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 25 தடவை திறந்து மூடுகிறது. பழைய எஞ்சின்களில் கேம் தண்டு கிராங்குக்குப் பக்கத்திலேயே இருந்ததால் குட்டிச் சங்கிலியோ பல்சக்கரமோ போதும். கேம் தண்டைத் தலைக்கு மேலே ஏற்றியபோது தூரம் கூடியது. நீளச் சங்கிலி சத்தம் போட்டது, எண்ணெய் கேட்டது, விலையும் அதிகம். ஜெர்மனியில் விதைப்புக் கருவிகள் செய்து, பிறகு குட்டிக் கார்களுக்கு மாறிய கிளாஸ் நிறுவனம் 1962இல் தன் 1004 காரில் சங்கிலிக்குப் பதிலாகப் பல் பட்டையைப் போட்டு விற்பனைக்குக் கொண்டுவந்தது. பெரிய அளவில் தயாரான கார்களில் அதுதான் முதல். 1966இல் ஃபியட்டுக்காக ஔரேலியோ லாம்பிரெதி வடிவமைத்த இரட்டை கேம் எஞ்சினும் அதே வழியில் வந்தது. சத்தமில்லை, எண்ணெய் வேண்டாம், மலிவு. யாருக்குத்தான் பிடிக்காது?

நம்ம ஊருக்கு இந்தப் பட்டை தாமதமாகத்தான் வந்தது. அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் சங்கிலி வண்டிகள். சங்கிலி தேய்ந்தால் முன்பக்கத்தில் ‘கரகர’வென்று சத்தம் வரும். பழைய மெக்கானிக்குகள் பானெட்டைத் திறக்காமலே, காதை வைத்தே வியாதியைச் சொல்லிவிடுவார்கள். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது, அதற்குள் டைமிங் பெல்ட். 1998இல் ஒரே ஆண்டில் இரண்டு வண்டிகள். வாலாஜாபேட்டையிலிருந்து இதே நெடுஞ்சாலையில் சென்னைப் பக்கம் போனால் வரும் இருங்காட்டுக்கோட்டையில் தயாரான ஹூண்டாய் சாண்ட்ரோ, டிசம்பரில் அறிமுகமான டாடா இண்டிகா. இரண்டிலும் பெல்ட். டீசல் இண்டிகா தமிழ்நாட்டு டாக்ஸி ஸ்டாண்டுகளை நிரப்பியது. காட்பாடி ஸ்டேஷனில் இறங்கி வேலூர் சி.எம்.சி.க்குப் போகும் வெளிமாநில நோயாளிகளையும் அது ஏற்றிச் சென்றது.

காதால் வியாதி சொன்ன மெக்கானிக்குக்கு இங்கேதான் வேலை கடினமானது. பெல்ட் பெரும்பாலும் சொல்லாமல் அறுந்துபோகும். மூடிக்குள்ளே இருப்பதால் கண்ணுக்கும் தெரியாது. வெப்பத்தில் ரப்பர் இறுகும், எண்ணெய் சீல் கசிந்தால் பட்டை ஊறி உரியும், டென்ஷனர் பேரிங்கோ வாட்டர் பம்ப்போ இறுகினால் பட்டையும் கூடவே போகும். வண்டி எண்பதில் ஓடிக்கொண்டிருக்கும்போது சட்டென்று எஞ்சின் அடங்கிவிடும். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு கணத்துக்குள் கேம் நின்றுவிட்டது, கிராங்க் வேகத்தில் இன்னும் சுற்றுகிறது. திறந்தபடி நின்ற வால்வுகளைக் கீழிருந்து வரும் பிஸ்டன் முட்டுகிறது. டீசலில் அழுத்த விகிதம் அதிகம், பிஸ்டனுக்கு மேலே இடமே கிடையாது. வால்வு வளையாமல் தப்புவது அபூர்வம்.

ஓட்டுநர் செய்யக்கூடாத ஒன்று, திரும்பத் திரும்ப செல்ஃப் அடிப்பது. ஒவ்வொரு அடியும் இன்னொரு வால்வை வளைக்கலாம். வழக்கத்தைவிட லேசாக, தடையே இல்லாமல் எஞ்சின் சுற்றும் சத்தம் கேட்டாலே அனுபவசாலிகள் சாவியை எடுத்துவிடுவார்கள். கம்ப்ரெஷன் இல்லை என்று அர்த்தம்.

பிறகு நடப்பது பொறுமையின் வேலை. புது பெல்ட்டை மட்டும் மாட்டி அனுப்ப முடியாது. ஹெட்டை இறக்கவேண்டும். பிஸ்டன் தலையில் பிறை வடிவத் தழும்பு இருக்கிறதா, ராக்கர் உடைந்திருக்கிறதா, வால்வு கைடு விரிசல் விட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்ப்பார்கள். லேத்துப் பட்டறையில் ஹெட்டின் தளம் சோதிக்கப்படும். வளைந்த வால்வை நிமிர்த்திப் போடக்கூடாது. புது வால்வை இருக்கையோடு அரைத்துப் பொருத்தி, அறையில் பெட்ரோலையோ மண்ணெண்ணெயையோ ஊற்றி, கீழே கசிகிறதா என்று பார்ப்பார்கள். புது கேஸ்கெட், சொன்ன வரிசையில் சொன்ன அளவுக்கு போல்ட் முறுக்கம், புது டென்ஷனர், முடிந்தால் வாட்டர் பம்ப்பும் சீல்களும். பிறகு கிராங்க் மார்க்கையும் கேம் மார்க்கையும் நேர் வைத்துப் பட்டையைப் போடுவார்கள். சாவியைத் தொடுவதற்கு முன்னால் கிராங்கை ஸ்பேனரால், கையாலேயே, முழுசாக இரண்டு சுற்று. எங்காவது முட்டினால் கையிலேயே தெரிந்துவிடும். மார்க்குகள் திரும்ப நேர் வந்தால்தான் ஸ்டார்ட். மெஷின் நம்மிடம் பேசுவதை நிறுத்திய பிறகும் கை கேட்கிறது என்பதற்கு இந்த இரண்டு சுற்றைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இதெல்லாம் தவிர்க்கக்கூடியது. குறிப்பிட்ட கிலோமீட்டருக்கு, அல்லது குறிப்பிட்ட ஆண்டுக்கு ஒருமுறை பெல்ட்டை மாற்று என்று கையேடு சொல்கிறது. பெல்ட்டுக்கு ஆவதைப் போலப் பல மடங்கு ஹெட் வேலைக்கு ஆகும். ஆனாலும் மாற்றமாட்டார்கள். ‘ஓடுற வண்டியை எதுக்குண்ணா பிரிக்கணும்?’ தவணை கட்டும் டாக்ஸிக்காரருக்கு ஒரு நாள் ஓட்டம் போவது இன்றைய நிஜம், பெல்ட் அறுவது நாளைய யூகம். வண்டி கைமாறி வந்திருந்தால் கடைசியாக எப்போது மாற்றினார்கள் என்றே தெரியாது. நான் எழுதும் மென்பொருளிலும் இதே பேச்சுதான்: ஓடுகிற வரைக்கும் கை வைக்காதே.

வராத ஆபத்துக்கு முன்கூட்டியே செலவு செய்யவேண்டுமா என்ற இந்தக் கேள்விக்கு நாட்டின் உச்ச நீதிமன்றம் பதில் சொன்ன வழக்கு இதே மாவட்டத்துக் கதை. குரோமியமும் உப்பும் கலந்த தோல் கழிவால் பாலாற்றுப் படுகையின் கிணறுகள் கெட்டுப்போன பிறகு, வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று தீர்ப்பு வந்தது. முன்னெச்சரிக்கைக் கோட்பாடும், மாசுபடுத்தியவரே ஈடுசெய்யவேண்டும் என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது அறிவித்தது. சேதம் நிரூபணமாகும் வரை காத்திருக்காதே என்பதுதான் அதன் சாரம். நிலத்தடி நீரும் பெல்ட் மாதிரித்தான். மூடிக்குள்ளே இருக்கிறது, கெட்டுப்போவதைச் சத்தம் போட்டுச் சொல்வதில்லை. ஒரே வித்தியாசம், எஞ்சினுக்கு ஹெட்டை இறக்கி வால்வை மாற்றலாம். ஆற்றுக்கு அப்படி உதிரிப்பாகம் கிடையாது.

பெல்ட்டின் காலமும் முடிந்துகொண்டிருக்கிறது. மாருதியின் கே வரிசை எஞ்சின்கள் சங்கிலிக்குத் திரும்பிவிட்டன. மின்சார வண்டியில் வால்வே இல்லை. ஆனால் நெடுஞ்சாலையோரப் பட்டறைகளுக்குப் பழைய வண்டிகள் இன்னும் பல வருஷம் வரும். செகண்ட் ஹேண்டில் ஒன்று வாங்கப்போகிறீர்கள் என்றால் விலையைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்க: சங்கிலியா, பெல்ட்டா? பெல்ட் என்றால், மாற்றியதற்கு பில் இருக்கா? இல்லையென்றால் முதல் செலவு சீட் கவர் அல்ல, அதுதான்.