ஆற்றுப்படை: பெற்றவர் பெறாதவருக்குச் சொல்லும் வழி

புதுச்சேரியை அடுத்த அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், காக்காயன்தோப்பை ஒட்டி இருக்கிறது அரிக்கமேடு. 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்தபோது ரோமானிய மதுச்சாடிகளின் உடைசல்களும் இத்தாலியச் சிவப்புக் கலங்களின் துண்டுகளும் தமிழ்ப் பிராமி பொறித்த பானையோடுகளும் வெளிப்பட்டன. மணி செய்யும் தொழிலும் அங்கே செழித்திருந்தது. கடலையும் அந்தத் தொழிற்கூடங்களையும் இணைத்த பாதை இந்த ஆறு. ‘ஆறு’ என்றால் நதி என்று மட்டும் இன்று எண்ணுகிறோம். அதற்கு வழி என்றும் பொருள் உண்டு. நாள்தோறும் சொல்லும் ‘அவ்வாறு’, ‘எவ்வாறு’ ஆகியவற்றில் அந்தப் பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதிலிருந்து பிறந்த சொல்தான் ஆற்றுப்படை.

ஆறு என்பது வழி. படுத்தல் என்பது செலுத்துதல். ஒருவரை வழியில் செலுத்துவது ஆற்றுப்படை. தொல்காப்பியப் புறத்திணையியல் இதைத் துறையாக வகுத்துச் சொல்கிறது. கூத்தர், பாணர், பொருநர், விறலியர் என்ற நால்வகைக் கலைஞரில் ஒருவர் வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்புகிறார். எதிரே அதே தொழிலைச் செய்யும் ஒருவர் வறுமையோடு வருகிறார். தாம் பெற்ற வளத்தைச் சொல்லி, அவரும் போய்ப் பெறும்படி வழிகாட்டுவதே இத்துறை. இதில் வழி சொல்பவர் புரவலர் அல்லர், குருவும் அல்லர். நேற்றுவரை பசித்திருந்த சகத் தொழிலாளி. பரிசில் தந்த வள்ளலுக்குத் திருப்பிக் கொடுக்க அவரிடம் ஒன்றுமில்லை. வள்ளல் அதை எதிர்பார்ப்பதும் இல்லை. ஆகவே அவர் பட்ட கடன் எதிரே வருகிறவரிடம் தீர்கிறது.

பத்துப்பாட்டில் பாதி ஆற்றுப்படைதான். அந்த ஐந்தில் சிறுபாணாற்றுப்படை இந்தக் கடற்கரைக்கு உரியது. 269 அடிகளில் அதைப் பாடியவர் இடைக்கழிநாட்டு நத்தத்தனார். பாட்டுடைத் தலைவன் ஓய்மாநாட்டு நல்லியக்கோடன். அவன் ஊரான கிடங்கில், இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதியான கிடங்கல். பாணன் சொல்லும் வழியில் முதலில் வருவது எயிற்பட்டினம். அதை இன்றைய மரக்காணம் என்று அறிஞர் பலர் கொள்கின்றனர். பழைய கிரேக்க வணிகக் கையேடான பெரிப்ளூஸ், பொதுகே, சோபட்மா என்று அடுத்தடுத்து இரண்டு துறைமுகங்களைக் குறிக்கிறது. பொதுகே அரிக்கமேடு என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. ‘சோ’ என்றாலும் ‘எயில்’ என்றாலும் மதில்தான் என்பதால், சோபட்மாவே எயிற்பட்டினம் என்பார்கள். அப்படியானால் அரியாங்குப்பத்துக்கு அண்டைத் துறைமுகம் வழியாகவே அந்தப் பாணன் தன் தோழனை அனுப்பியிருக்கிறான்.

எப்படி அனுப்புகிறான் என்பதுதான் முக்கியம். முதலில் தன் பழைய வீட்டு அடுக்களையைக் காட்டுகிறான். அங்கே குட்டி ஈன்ற நாய் குரைக்கிறது. கூரை சிதைந்து கிடக்கிறது. மனைவி குப்பையில் முளைத்த வேளைக்கீரையை நகத்தால் கிள்ளி, உப்பில்லாமல் வேகவைத்து, அக்கம்பக்கத்தார் பார்த்துவிடுவார்களோ என்று கதவை அடைத்துக்கொண்டு சுற்றத்தோடு உண்கிறாள். நானும் இங்கிருந்துதான் போனேன் என்று சொன்ன பிறகே அவன் வழியைச் சொல்கிறான். எயிற்பட்டினத்தில் நுளையர் வீட்டில் தேறலும் சுட்ட குழல்மீனும் கிடைக்கும். வேலூரில் எயினர் வீட்டுப் புளிச்சோறும் ஆமான் இறைச்சியும், ஆமூரில் உழவர் வீட்டு வெண்சோறும் நண்டுக் கலவையும் கிடைக்கும். நல்லியக்கோடன் வாயில் பரிசிலருக்கு அடைபடுவதில்லை. அவன்முன் நின்று பாட வேண்டிய புகழ்மொழிகள் வரைக்கும் சொல்லிக் கொடுத்துவிடுகிறான்.

நக்கீரர் திருமுருகாற்றுப்படையில் இந்த வழியை முருகன் சந்நிதிக்குத் திருப்பினார். புறப்பொருள் வெண்பாமாலை புலவராற்றுப்படையையும் சேர்த்துக்கொண்டது. நம் காலத்தில் மனநல ஆலோசகரை ‘ஆற்றுப்படுத்துநர்’ என்கிறோம். கேட்பவர் மனத்தை ஆற்றுகிறவர் என்று அதைப் பலரும் புரிந்துகொள்கிறார்கள். ‘ஆற்றுதல்’ வேறு வினை. ஆனாலும் வழி தெரிந்தாலே மனம் பாதி ஆறிவிடும் என்பதால் இந்தக் கலப்பில் பழுதில்லை.

சொல் ஏட்டில் இருந்த காலத்திலும் செயல் நின்றுவிடவில்லை. கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் 1880இல் ஓய்வு பெறும்போது, திருவாவடுதுறை மடத்திலிருந்த உ.வே. சாமிநாதையரைத் தேடி வந்து அழைத்துப் போனார். கல்லூரித் தலைவரிடம் அறிமுகப்படுத்தித் தம் இடத்தில் அமர்த்தினார். இருவருமே மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையின் மாணவர்கள். பிள்ளை மறைந்தது 1876இல். ஆசிரியருக்குச் செய்ய முடியாததைச் செட்டியார் இளையவருக்குச் செய்தார். அதே ஆண்டு சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டு, சாமிநாதையரைப் பழந்தமிழ் நூல்களின் பக்கம் திருப்பினார். இப்படி இருவரால் ஆற்றுப்படுத்தப்பட்டவர் 1889இல் பத்துப்பாட்டை அச்சிட்டார். ஐந்து ஆற்றுப்படைகளும் ஒன்றாக அச்சில் நம் கைக்கு வந்தது அப்படித்தான்.

புதுச்சேரியிலும் இதே வழக்கம் உண்டு. இங்கே தங்கியிருந்த பாரதி, கனகசுப்புரத்தினம் என்ற இளம் ஆசிரியரின் பாடலைத் தம் கவிதா மண்டலத்தைச் சேர்ந்தவர் பாடலென்று குறித்துச் சுதேசமித்திரனுக்கு அனுப்பினார். அவர் பாரதிதாசன் ஆனார். பின்னால் ‘பாரதிதாசன் பரம்பரை’ என்று ஒரு கவிஞர் வரிசையே எழுந்தது. வில்லியனூர் வாணிதாசன் அந்த வரிசையில் வந்தவர்.

இன்று வேலை விஷயத்தில் நம் வாயில் முதலில் வரும் சொல் சிபாரிசு. பாரசீகத்திலிருந்து வந்தது. சிபாரிசு என்பது கொடுப்பவரிடம் பேசுவது. ஆற்றுப்படை தேடுபவரிடம் பேசுவது. சிபாரிசுக்குச் செல்வாக்கு வேண்டும். ஆற்றுப்படைக்கு நடந்துவந்த அனுபவமும் அதை மறைக்காத மனமும் போதும். எங்கே ஆள் எடுக்கிறார்கள், நேர்காணலில் என்ன கேட்பார்கள், முதல் சம்பளம் வரும்வரை எங்கே தங்கலாம், எந்த மெஸ்ஸில் கடன் சொல்லலாம் என்று ஊருக்குத் திரும்பும் ஒருவர் படிப்பு முடித்துக் காத்திருக்கும் தம்பியிடமோ தங்கையிடமோ சொன்னால் அதுவே ஆற்றுப்படை. தானும் தோற்றுத்தான் தேறினேன் என்பதையும் சேர்த்துச் சொன்னால் அது முழுமையாகும். தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் இலக்கிய வகைப் பெயராக மட்டும் இந்தச் சொல்லை விட்டுவைக்கக் கூடாது. ஒரு வேலையில் கால் ஊன்றிய ஒவ்வொருவருக்கும் இது கடமையின் பெயர்.