அமிகா: மேம்பட்ட கணனியொன்றின் வீழ்ச்சி

பொறியியலிற் சிறந்தது எதுவோ அதுவே சந்தையிலும் வெல்லும் என்பது பலரின் நம்பிக்கை. கணனியின் வரலாறு இந்நம்பிக்கைக்கு மாறான சான்றுகள் சிலவற்றைத் தருகின்றது. அமெரிக்காவின் கொமடோர் நிறுவனம் வெளியிட்ட அமிகா அவற்றுள் ஒன்றாகும்.

1985 ஆம் ஆண்டு யூலை மாதம் நியூயோர்க் நகரின் லிங்கன் நிலையத்தில் அமிகா அறிமுகமாயிற்று. ஓவியர் அன்டி வார்ஹோல், பாடகி டெபி ஹரியின் உருவத்தை அக்கணனியிலேயே தீட்டிக் காட்டினார். ஜே மைனரின் தலைமையில் வடிவமைக்கப்பட்ட அக்கருவியில், படத்துக்கும் ஒலிக்கும் தனிச் சில்லுகள் அமைந்திருந்தமையால் மையச் செயலியின் சுமை குறைந்தது. 4096 நிறங்கள், நான்கு ஒலித்தடங்கள், ஒரே வேளையிற் பல பணிகளை ஆற்றும் திறன் ஆகியன 1295 டொலர் விலையிற் கிடைத்தன. அவ்வேளையில் அப்பிள் நிறுவனத்தின் மக்கின்ரொஷ் கறுப்பு வெள்ளைத் திரையுடனேயே விற்பனையாயிற்று.

இத்தகைய கருவி யாருக்குரியது என்பதைக் கொமடோர் தெளிவுபடுத்தவில்லை. அந்நிறுவனத்தின் முந்திய வெளியீடான கொமடோர் 64, விளையாட்டுப் பொருட் கடைகளிலும் விற்கப்பட்டு, வீட்டுக் கணனி எனப் பெயர் பெற்றிருந்தது. அப்பெயரின் நிழல் அமிகாவின் மீதும் படிந்தது. அலுவலகத்தார் அதனை விளையாட்டுப் பொறியாகக் கருதினர். வீட்டினர்க்கோ அதன் விலை எட்டவில்லை. பல பணிகளை ஒருங்கே ஆற்றுவதால் விளையும் பயனையும் விளம்பரங்கள் எடுத்து விளக்கவில்லை.

பொருளில் குறையில்லை என்பதைப் பின்வந்த நிகழ்ச்சிகள் உணர்த்தின. 1987 இல் வெளிவந்த விலை குறைந்த அமிகா 500, பிரித்தானியாவிலும் ஜேர்மனியிலும் பெருவரவேற்பைப் பெற்றது. 1990 இல் வெளிவந்த வீடியோ ரோஸ்ரர் என்னும் துணைக்கருவி, தொலைக்காட்சித் தயாரிப்பாளரை அமிகாவின்பால் ஈர்த்தது. அதனை ஆக்கியது கொமடோர் அன்று. நியூரெக் என்னும் வேறொரு நிறுவனமாகும். கொமடோர் தேடிக் காணாத வாடிக்கையாளரைப் பிறர் கண்டனர் எனலாம்.

விற்பனைக் குறைபாடே முழுக் காரணம் எனக் கொள்ளுதல் பொருந்தாது. ஐ.பி.எம். வகைக் கணனிகளுக்கெனப் பெருகிய மென்பொருள்கள் வாங்குவோரை அப்பக்கமே இழுத்தன. அமிகாவின் தொடக்ககால முன்னிலையைக் காக்கத்தக்க புதுமைகளும் உரிய காலத்தில் வரவில்லை. ஆயினும், முன்னிலை இருந்த காலத்தில் அதனை உலகுக்கு உணர்த்தியிருப்பின், மென்பொருள் ஆக்குவோரும் அப்பக்கம் திரண்டிருத்தல் கூடும்.

1994 ஏப்ரிலில் கொமடோர் முறிந்தது. மறு ஆண்டில் வெளிவந்த விண்டோஸ் 95, பல பணிகளை ஒருங்கே ஆற்றும் திறனைப் பொதுமக்களுக்குப் புதுமையாக அறிமுகப்படுத்திப் பெரும் புகழ் ஈட்டியது. அமிகா அதனைப் பத்தாண்டுகளுக்கு முன்னரே செய்து காட்டியிருந்தது. ஆக்குதல் ஒரு திறன். ஆக்கியதன் பயனை உரியவர்க்கு உணர்த்துதல் வேறொரு திறன். பின்னையது இல்லாதவிடத்து முன்னையது பயனின்றிக் கழிதலும் உண்டு.