மனமே: 1956இன் வாள்

இலங்கையின் அண்மைய வரலாற்றில் 1956 என்ற ஆண்டு இரண்டு முகங்களோடு நிற்கிறது. சிங்களம் மட்டுமே ஆட்சிமொழி என்ற சட்டமூலம் அவ்வாண்டு ஜூன் மாதத்தில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. தமிழர்களைப் பொறுத்தவரை அந்த ஆண்டின் பெயரே ஒரு காயம். சிங்கள இலக்கிய வரலாற்றாசிரியர்களுக்கோ அது மறுமலர்ச்சியின் ஆண்டு. அவ்வாண்டு நவம்பர் 3ஆம் நாள், கொழும்பு லயனல் வென்ட் அரங்கில், பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்கள் நடித்த 'மனமே' என்ற நாடகம் அரங்கேறியது. எழுதி இயக்கியவர் எதிரிவீர சரச்சந்திர (1914-1996). சிங்களத் தேசிய நாடகம் அன்றிரவு பிறந்தது என்று சொல்வது அங்கு வழக்கமாகிவிட்டது.

அந்தத் தேசிய நாடகம் எந்த வடிவத்தின் மேல் எழுப்பப்பட்டது என்பதுதான் நாம் கவனிக்க வேண்டிய செய்தி.

அதற்கு முன்பு சிங்கள மேடையில் இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, பார்சி நாடகக் குழுக்களின் வருகையால் உருவான நூர்த்தி. திரைச்சீலைகளும் இந்துஸ்தானி மெட்டுகளும் நிறைந்தது. மற்றது, மோலியர், கோகோல் போன்றோரின் நாடகங்களைத் தழுவிப் பல்கலைக்கழகத்தார் நடித்தவை. சரச்சந்திரவே இவ்வகைத் தழுவல்கள் பல செய்தவர். இரண்டும் அவருக்கு நிறைவளிக்கவில்லை. சாந்திநிகேதனில் பயின்ற அவர் ஊர் ஊராகச் சென்று கிராமியக் கூத்துகளை ஆராய்ந்தார். 1955இல் ஜப்பானில் கபுக்கி, நோ நாடகங்களைக் கண்டார். பழைய மரபு ஒன்று நவீனப் பார்வையாளரையும் கட்டிப்போட முடியும் என்ற துணிவை அப்பயணம் தந்தது எனலாம். திரும்பியவர் கையில் எடுத்தது 'நாடகம' என்ற, அழிந்துகொண்டிருந்த நாட்டார் வடிவம்.

பெயரிலேயே பிறப்பிடம் தெரிகிறது. மன்னார், சிலாபம், நீர்கொழும்புக் கரையோரக் கத்தோலிக்கத் தமிழரின் கூத்திலிருந்து சிங்களத்துக்குப் போன வடிவம் அது. மூவிராசாக்கள் கதை அதன் மிகப் பழைய ஆக்கங்களுள் ஒன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் பிலிப்பு சிங்கோ என்ற கொல்லர் அதைச் சிங்களத்தில் வளர்த்தார். மத்தளமும் அதன் தென்னிந்திய மெட்டுகளும் அப்படியே போயின. சிந்து, இன்னிசை என்ற பெயர்கள்கூட மாறவில்லை. அரங்கைக் குறிக்கும் 'கரலிய' என்ற சொல்லில் நம் களரி கேட்கிறது. இதையெல்லாம் தமிழர் எவரும் உரிமை கோரி எழுதவில்லை; சரச்சந்திரவே தம் ஆய்வு நூலில் ஒளிவுமறைவின்றிப் பதிவு செய்தார். மொழியின் பெயரால் நாடு பிளவுபட்டுக்கொண்டிருந்த காலத்தில் அதற்கு ஒரு நேர்மை வேண்டும்.

தென்கரையோரத்து முதிய நாடகக் கலைஞரான சார்ல்ஸ் சில்வா குணசிங்க குருன்னான்சே மாணவர்களுக்குப் பாட்டும் ஆட்டமும் பழக்கினார். பல இரவுகள் நீண்ட கூத்து ஒரு மாலைப்பொழுதுக்குள் அடங்கியது. காட்சித்திரைகள் இல்லை. பொத்தேகுரு என்ற கதைசொல்லி வந்து நிற்பார். காடு என்றால் காடு.

ஆனாலும் வடிவத்தை மீட்டது மட்டும் சாதனையாகாது. கதை ஜாதகக் கதைதான். தக்கசீலத்தில் கல்வி முடித்த இளவரசன், குருவின் மகளை மணந்து காட்டுவழியே திரும்புகிறான். மூலத்தில் கள்வர் தலைவன் எதிர்ப்படுகிறான். இருவரும் மற்போர் புரியும் வேளையில், கள்வன்மேல் மையல் கொண்ட மனைவி வாளின் பிடியை அவன் பக்கம் நீட்டிவிடுகிறாள். பெண்ணின் சபலத்துக்கு எடுத்துக்காட்டு, தீர்ப்பு முடிந்தது. சரச்சந்திர கள்வனை வேடுவ அரசனாக்கினார். தன் ஆட்களை விலக்கிவிட்டுத் தனியே நின்று பொருதவனைக் கொல்ல வேண்டாமே என்று இளவரசி கணவனிடம் இரங்கிக் கேட்கிறாள். அந்தத் தயக்கத்தின் நொடியில் வாள் கைமாறுகிறது. கொடுத்தாளா, பறிபோனதா? பிறகு அவள் சொல்வதைக் கேட்டு வேடுவனும் அவளைக் கைவிடுகிறான். அவளைக் குற்றவாளியாக்குவதா என்பதைப் பார்வையாளரிடமே விட்டுவிட்டார். என் வாசிப்பில் நாடகத்தின் உயிர் இவ்விடத்தில்தான் இருக்கிறது. மெட்டுகளைப் புகழ்வோர் பலர் இதைக் கடந்து போய்விடுகிறார்கள்.

பேராதனையில் தமிழ்த்துறை விரிவுரையாளர் சு. வித்தியானந்தன் இதையெல்லாம் கவனித்துக்கொண்டிருந்தார். இங்கே ஒரு கசப்பையும் சொல்ல வேண்டும். மட்டக்களப்பிலும் மன்னாரிலும் அண்ணாவியார்கள் இரவிரவாகக் கூத்தாடிக்கொண்டிருந்தார்கள். படித்த தமிழரோ அதைப் பாமரர் விளையாட்டு என்று ஒதுக்கினார்கள். கொழும்பில் சிங்களப் பார்வையாளர் கைதட்டிய பிறகுதான் நம்மவர் பலருக்குத் தம் வீட்டுக் களரி கண்ணில் பட்டது. 'மனமே' எங்களுடையது என்று மார்தட்டுவோர் இதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

வித்தியானந்தன் வழி அத்தகைய வெற்றுப் பெருமையன்று. அவர் மட்டக்களப்புக் கூத்தைப் பல்கலைக்கழக மாணவர்களிடம் கொண்டுவந்தார். 'கர்ணன் போர்' 1962இலும் 'நொண்டி நாடகம்' 1963இலும் மேடையேறின. விடிய விடிய ஆடியது சுருங்கியது. வட்டக்களரி ஒருபக்கம் திறந்த மேடையாயிற்று. இந்தச் சுருக்கத்தில் கூத்தின் சமூக உறவு அறுந்தது என்று பின்னால் வந்தவர்கள் விமர்சித்ததில் நியாயம் உண்டு. 1964இல் வந்த 'இராவணேசன்' அடுத்த படி. எழுதி, இராவணனாகவும் ஆடிய மாணவர் சி. மௌனகுரு மட்டக்களப்பைச் சேர்ந்தவர். அங்கே பழங்கதையில் தண்டிக்கப்பட்ட ஒருவன், தன் குலத்தின் அழிவைக் கண்முன் பார்த்துக் கலங்கும் மனிதனாக மாறினான். 'மனமே' இளவரசிக்குச் செய்ததை ஒத்த காரியம் இது.

பல பத்தாண்டுகள் கழித்து, போரையும் கண்டபின், மௌனகுரு அந்த இராவணனை மட்டக்களப்பில் புதிய தலைமுறையைக்கொண்டு மீண்டும் ஆடவைத்தார். சிங்கள மேடையில் 'மனமே'யும் தலைமுறை தலைமுறையாக நடிகர்கள் மாறி ஆடப்பட்டே வந்திருக்கிறது.